ஆல்பட்ராஸின் ஆன்டெனா

புருஷோத்தமனுக்கு எழுபது முடிகிறது, பீமரத சாந்தி செய்துவிடுவோம் என்று பேச்சு எழுந்ததும் மண்டபம், சமையல்காரர், வாத்தியார் எல்லாம் மளமளவென்று ஏற்பாடாகிவிட்டது. தம்பியைக் கூப்பிடுவதுதான் பாக்கி. அதை அவர் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். "நீங்க பேசறீங்களா, இல்ல நான் பேசட்டுமா?" என்று மனைவி கோமளா போனைக் கையில் எடுத்தபிறகுதான் கோயம்புத்தூருக்குப் பேசினார்.

"வரேண்ணா," என்றான் முகுந்தன். அறுபத்தாறு வயது ஆசாமியை 'என்றான்' என்று சொல்வது மரியாதையில்லைதான். ஆனால் புருஷோத்தமன் மனசில் தம்பிக்கு ஆறு வயதுக்கு மேல் ஆகவேயில்லை, தம்பியின் கோபமும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. "கண்டிப்பா வரேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு பண்ணு. நுங்கம்பாக்கத்துல அந்த மெஷின் வந்திருக்காமே, பொம்மையைப் படிக்கிற மெஷின். ஆல்பட்ராஸை எடுத்துட்டுப் போய்ப் படிக்கச் சொல்லு. ஆன்டெனாவை யாரு உடைச்சதுன்னு தெரிஞ்சுடும்ல?"

"இன்னுமாடா அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே?"

"நீ விட்டுட்டியாண்ணா?"

புருஷோத்தமனும் விடவில்லை என்பதற்கு அத்தாட்சி எதிரிலேயே, ஷோகேஸின் நடுத்தட்டில் உட்கார்ந்திருந்தது. பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரங்கள், மூக்கில் ஒரு ஆன்டெனா இருந்த இடத்தில் மொட்டை.

"சரி, படிக்கச் சொல்றேன். நீதான்னு வந்துட்டா?"

"வந்துட்டா உன் காலில விழறேன். எழுபதாவது கல்யாணத்துல எப்படியும் விழணும்தானே."

தம்பி போனை வைத்துவிட்டான். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கல்யாணம், காரியம் தவிர வேறு எதற்கும் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்து எத்தனையோ காலமாயிற்று. அங்கேயும் "சாப்டியா?", "சாப்டேன்" என்பதற்கு மேல் பேச்சு போகாது. காரணம் கேட்டால் சொத்துத் தகராறு என்று சொந்தக்காரர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஒரு பொம்மை விமானத்தின் விரல் நீள ஆன்டெனாதான் காரணம் என்று வெளியே சொல்ல அண்ணன் தம்பி இருவருக்குமே வெட்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் அவர்கள் வில்லிவாக்கத்தில் இருந்தார்கள். அப்பா தாமோதரன் இன்ஜினீயர். இங்கிலாந்துக்கு டிரெய்னிங் போய்த் திரும்பியவர், மின்சார ஷேவர், அம்மாவுக்கு நைலக்ஸ் புடவை, ஒரு டப்பா சாக்லேட் இவற்றோடு ஆல்பட்ராஸையும் கொண்டுவந்தார். வந்த வாரமே சென்னைத் தொலைக்காட்சியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 'ஸ்கைஹூக் செவன்' தொடங்கியது. பிரிட்டிஷ் பொம்மலாட்டம். வடகடலில் ஒரு கலங்கரை விளக்கத்துக்குள் ஏழு வீரர்கள் ஒளிந்திருப்பார்கள். சனிக்கிரகத்து ஆட்கள் வந்து பூமியின் மழையைத் திருடுவார்கள். கமாண்டர் ராஸ் ஆல்பட்ராஸில் ஏறிப் போய் மழையை மீட்டு வருவார். மெட்ராஸில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீரர்களுக்கு உடம்பைவிடத் தலை பெரிது. கீழ் உதடு மட்டும் டப் டப்பென்று ஆடும். அவர்களால் ஒழுங்காக நடக்க முடியாது. அதனால் எந்நேரமும் தானாக நகரும் நாற்காலியில் உட்கார்ந்தே உலகத்தைக் காப்பாற்றுவார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் கயிறு தெரியும். எல்லாப் பிள்ளைகளும் உற்றுப் பார்த்தார்கள், எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தரும் கவலைப்படவில்லை.

தெருவிலேயே டிவி இருந்த ஒரே வீடு இவர்களுடையது. இருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, பின்னால் நாற்காலியில் அப்பா உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். பொம்மைகள் பேசிய இங்கிலீஷ் அவருக்கு மட்டும்தான் புரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். கமாண்டர் ராஸ் ஐந்து நிமிஷம் பேசினால் அப்பா, "கோவமா இருக்கான்" என்பார். வில்லன் நீளமாக ஏதோ திட்டம் சொன்னால், "கெட்டவன்" என்பார். எங்கேயாவது சிவப்பு விளக்கு மினுங்கினால் குரலை இறக்கி, "இப்ப வெடிக்கும்" என்பார். சொன்னபடி வெடிக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. வெடித்தபோதும் சிரிக்கமாட்டார்.

ஆல்பட்ராஸை யாரும் தொடக்கூடாது. "ஃபாரின் பொம்மை. உடைச்சுடுவீங்க" என்று சொல்லி, பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே ஷோகேஸில் வைத்துப் பூட்டினார் அப்பா. பெட்டியின் முன்பக்கம் கண்ணாடிக் காகிதம், அதற்கு முன்னால் ஷோகேஸ் கண்ணாடி, இரண்டு கண்ணாடி வழியாகப் பிள்ளைகள் அதைத் தரிசித்தார்கள். பக்கத்தில் தாஜ்மகால், பிளாஸ்டிக் திராட்சை, அப்பா கேரம்போர்டில் ஜெயித்த கோப்பை. சாவி அப்பாவின் சட்டைப் பையில்.

அடுத்த வருஷம் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா பெட்டியை எடுத்துத் துடைத்தாள். உள்ளே ஆன்டெனா தனியாக உருண்டது. பெட்டியின் அடிப்பக்கம் பிளேடால் கீறித் திறக்கப்பட்டிருந்தது. அப்பா வந்து பார்த்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை. "யாரு?" என்றார்.

"நான் இல்லப்பா," என்றார் புருஷோத்தமன். அப்போது அவருக்குப் பத்து வயது. முகுந்தன் வாயே திறக்கவில்லை. திறக்காததைப் பார்த்ததும் புருஷோத்தமனுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. "இவன்தான்ப்பா. இவன்தான் எப்பப் பாத்தாலும் ஷோகேஸ்கிட்டயே நிப்பான்."

ஜூன் மாதம் முகுந்தனைத் திருச்சியில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். பொய் சொல்கிற பிள்ளை வீட்டுச் செல்லத்தில் திருந்தாது என்றார் அப்பா. பள்ளிப்படிப்பு முடியும்வரை அவன் லீவுக்கு மட்டும் வந்து போகிற விருந்தாளியாகவே வளர்ந்தான். ஒவ்வொரு லீவிலும், "நான் உடைக்கலை" என்று அண்ணனிடம் ஒரு தடவை சொல்லுவான். அண்ணன் நம்பவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பூட்டி வைக்கிற புத்திதான் பின்னால் நம் ஊருக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது. இங்கிலாந்தில் பிள்ளைகள் ஆல்பட்ராஸை மண்ணில் புதைத்து, குளிக்கும் தொட்டியில் மூழ்கடித்து, மாடியிலிருந்து எறிந்து தீர்த்துவிட்டார்கள். பிரிக்காத பெட்டி வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் வரவேண்டும் என்றாகிவிட்டது. தொப்பை வைத்த வெள்ளைக்காரர்கள் மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஷோகேஸ் முன்னால் கண் கலங்கி நின்றார்கள். ஸ்கைஹூக் ரசிகர் மன்றத்துக்குச் சென்னையில் ஒரு கிளையே இருந்தது. புருஷோத்தமன் அதன் பொருளாளர். மாதம் ஒருமுறை எழும்பூரில் ஒரு ஓட்டலில் கூடி, போண்டா சாப்பிட்டபடி, நான்காவது வாரத்தில் தெரிந்த கயிறு எத்தனை என்று சண்டை போடுவார்கள். கமாண்டர் ராஸ் படம் போட்ட காபிக் கோப்பை வைத்திருந்தவர்கள் அதில் ஒரு நாளும் காபி குடித்ததில்லை.

அப்புறம் பிரதி எடுக்கும் இயந்திரம் வந்தது. பெட்டி, அதன் அட்டை, அட்டையில் ஒட்டிய விலைச்சீட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்த பசையின் வாசனை வரை எதையும் அச்சு அசலாகச் செய்துவிடலாம். பிரிக்காத பெட்டி தெருவுக்குத் தெரு கிடைத்தது. ஒரே வருஷத்தில் மன்றத்தில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம்.

பிரதி எடுக்க முடியாத ஒன்று மட்டும் மிஞ்சியிருப்பதாக லண்டனில் ஒரு ஏலக் கம்பெனி கண்டுபிடித்தது. அதற்குத்தான் நுங்கம்பாக்கத்து மெஷின்.

மெஷினைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் பெயர் தன்ஷிகா. முப்பது வயதிருக்கும். ஆல்பட்ராஸை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, சலிக்காமல் விளக்கினாள்.

"ஒரு பொருளைக் கையில பிடிச்சா அதோட பெயின்ட்டுல, ரப்பர்ல எல்லாம் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அழுத்தம் விழும் சார். எங்க பிடிச்சாங்க, எப்படி ஓட்டினாங்க, எல்லாம் அதுல இருக்கும். விளையாடறப்ப வாயால 'டுர்ர்'னு சத்தம் போடுவோம்ல? அந்த அதிர்வு எலும்பு வழியா விரலுக்கு இறங்கி பொம்மையிலயும் பதிஞ்சுடும். அதை நாங்க படிச்சு இந்த கிளவுஸுக்கு அனுப்புவோம். போட்டுக்கிட்டா, அந்தக் குழந்தை பிடிச்ச மாதிரியே உங்க கையில தெரியும். பேச்சும் கேட்கும்."

"பேச்சு கூடவா?"

"பொம்மை கையில இருக்கிற வரைக்கும். கீழ வச்சுட்டா அதுக்குக் காது கிடையாது."

"இதையா ஏலம் எடுக்கறாங்க?"

"இப்ப இதுக்குத்தான் சார் மவுசு. பல்லால கடிச்ச தடம் இருந்தா இன்னும் உசத்தி. யாரோ ஒரு குழந்தை எழுபத்தெட்டுல சந்தோஷமா இருந்ததைப் பணம் குடுத்து வாங்கி, ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் கையில மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. போன மாசம் ஒரு வியாபாரி, பழைய பொம்மைகளை வாங்கி, தெருப் பிள்ளைங்களுக்குப் பிரியாணி குடுத்து விளையாட வச்சுக் கொண்டுவந்தார்."

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"ரொம்ப சுலபம். கூலிக்கு விளையாடற பிள்ளை வாயால சத்தம் போடாது சார்."

புருஷோத்தமன் சிரித்தார். பிறகு தன் மன்றத்து ஆட்களை நினைத்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர்கள் ஷோகேஸ்களில் இருந்ததெல்லாம் இப்போது சுத்த வெற்று. தொடாமல் காப்பாற்றியதுதான் தப்பாகப் போயிற்று. தன்னுடையது அப்படியில்லை என்பதில் அவருக்கு ஒரு திருட்டுப் பெருமை இருந்தது. திருட்டுத்தனமாகவாவது ஒரு பிள்ளை இதோடு விளையாடியிருக்கிறான். அந்தப் பிள்ளையின் கையை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

கையுறைகளை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஆறு வயது விரல்களை எதிர்பார்த்தார். பிசுபிசுப்பாக, அவசரமாக, பயத்தோடு இருக்கும் என்று நினைத்திருந்தார்.

கை பெரிதாக இருந்தது. ஆல்பட்ராஸின் வயிற்றை ஒரே பிடியில் அடக்கிவிடுகிற கை. நடுவிரலையொட்டி ஏதோ ஒன்று தகரத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

"அது என்னம்மா இடிக்குது?"

"மோதிரம் சார். கல்லு வச்ச மோதிரம்." தன்ஷிகா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குழந்தை இல்ல சார் இது. பெரியவங்க. வலது கை. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பல மாசமா அடிக்கடி விளையாடியிருக்காங்க. குரல் போடட்டுமா?"

போடு என்று அவர் சொன்னாரா, தலையாட்டினாரா தெரியவில்லை. காதில் முதலில் வந்தது, "டுர்ர்ர்ர்..."

அப்பாவின் குரல். அலுவலகக் குரல் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது என்றே புருஷோத்தமனுக்குத் தெரியாது. கிசுகிசுப்பாக, நல்ல வில்லிவாக்கத்துத் தமிழில், கதை ஓடிக்கொண்டிருந்தது. "கமாண்டர், கமாண்டர்! மழையைத் தூக்கிட்டானுங்க. வில்லிவாக்கத்துல ஒரு சொட்டு இல்ல. லாரி வேற வரல... விடாதே, பிடி அவனை... மேல, இன்னும் மேல... சனிக்கிரகம் தெரியுது... அய்யோ, சிவப்பு லைட்டு. இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்... டமால்!" பிறகு ஒரு சிரிப்பு. அடக்க முடியாமல், மூக்கால் பீறிட்டு வருகிற சிரிப்பு.

இதுபோல நிறைய. கடைசிப் பதிவில் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே, கையுறைக்குள் சுண்டுவிரல் பக்கம் ஒரு சின்னத் துடிப்பு. டிக். அதோடு கை விலகியது. எல்லாம் நின்றுவிட்டது.

"அங்கதான் ஆன்டெனா உடைஞ்சிருக்கு," என்றாள் தன்ஷிகா. "கீழ வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் யாரும் எடுத்து விளையாடவே இல்ல." பிறகு சங்கடத்தோடு, "சாரி சார். ஏலத்துக்கு எடுக்க முடியாது. பன்னண்டு வயசுக்கு மேல இருக்கிறவங்க விளையாடியிருந்தா கம்பெனி அதை மாசுன்னுதான் எழுதும். வேணும்னா லேசா சூடு காட்டித் துடைச்சுத் தரேன். எல்லாம் அழிஞ்சு சுத்தமாயிடும்."

"வேண்டாம்மா," என்றார் புருஷோத்தமன். "இன்னொரு தடவை போடு."

ஆட்டோவில் திரும்பும்போது அவருக்கு அடக்கமாட்டாத கோபம் வந்தது. பொம்மையை உடைத்தது பரவாயில்லை. உடைத்துவிட்டு, வீட்டுக் கூடத்தில் நின்று, இரண்டு பிள்ளைகளைப் பார்த்து "யாரு?" என்று கேட்டாரே, அந்த மனிதரை என்ன செய்வது? ஆறு வயதுப் பிள்ளையை ரயிலேற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து எப்படிச் சோறு இறங்கியது? கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொறாமை. அந்தச் சிரிப்பில் ஒரு துளி தங்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்று எழுபது வயதில் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து கோமளாவிடம் சொன்னார். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"மாமாவா? டமால்னா சொன்னார்?"

"ஆமா."

"நான் காபி குடுத்தா நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன்." சிரிக்கத் தொடங்கி, கணவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "முகுந்தன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"உண்மையைத்தான். அவன் உடைக்கலை, நானும் உடைக்கலை, ரெண்டு பேரும் சுத்தம்."

"யோசிச்சுக்குங்க. மாமாவைக் கடைசிக் காலத்துல வச்சுக் காப்பாத்தினது யாரு? நாமளா? படுக்கையில போட்டு, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு எல்லாம் உங்க தம்பிதானே பண்ணினார்? இன்னிக்கும் போட்டோவுக்குப் பூ வைக்காம அவர் காபி குடிக்க மாட்டார்னு அவர் சம்சாரம் சித்ரா சொல்வா. அப்பாவே தப்பு பண்ணிட்டு உன்னை ஊரை விட்டு அனுப்பினார்டான்னு போய்ச் சொன்னா, அவருக்கு அப்புறம் என்ன மிச்சம் இருக்கும்?"

ராத்திரி சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது புருஷோத்தமன் முடிவு செய்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின தினம் முகுந்தன் தனியாக முன்னால் வந்தான். சித்ராவும் பிள்ளைகளும் மறுநாள் வருகிறார்களாம். நரைத்த மீசை, தோளில் பை, நேராக ஷோகேஸ் முன்னால் போய் நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த ஆறு வயது நிற்பு அப்படியே இருந்தது.

"படிச்சாச்சாண்ணா?"

"ஆச்சு. உக்காரு."

சோபாவில் உட்கார்ந்தான். சோபாவின் பிளாஸ்டிக் உறை கரகரவென்றது. வாங்கிப் பல வருஷமாகியும் கோமளா அதைப் பிரிக்கவிடவில்லை.

"நான்தான்டா," என்றார் புருஷோத்தமன். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வாக்கியம். "நான்தான் உடைச்சேன். சாவியை அப்பா குளிக்கப் போனப்ப எடுத்தேன். பயந்து உன் பேரைச் சொல்லிட்டேன். நீ போய் அத்தனை வருஷம்... என்னை மன்னிச்சுடு."

முகுந்தன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்தால், சிரிப்பு. மூக்கால் பீறிட்டு வருகிற சிரிப்பு. நுங்கம்பாக்கத்தில் கேட்டதே மறுபடி கேட்பதுபோல் இருக்க, புருஷோத்தமனுக்குச் சிலிர்த்தது.

"உனக்குப் பொய் சொல்ல வராதுண்ணா. மெஷின்ல அப்பா வந்தாரா? டமால்னாரா?"

"டேய்..."

"எனக்கு அப்ப அம்மை போட்டிருந்தது, ஞாபகம் இருக்கா? வேப்பிலை மேல படுத்திருந்தேன். நீ ஸ்கூலுக்குப் போயிட்டே, அம்மா பின்கட்டுல தூங்கிட்டா. கூடத்துல டுர்ர்னு சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அப்பா தரையில கவுந்து படுத்திருக்கார். வேட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆல்பட்ராஸ் சோபாவுக்கு அடியிலேர்ந்து சனிக்கிரகத்துக்குப் போகுது. நான் கதவு பக்கத்துல நின்னு பாக்கறேன். அப்பதான் உடைஞ்சது. கீழ வச்சுட்டு நிமிர்ந்தார். என்னைப் பார்த்துட்டார்."

தன்ஷிகா சொன்னது புருஷோத்தமனுக்கு ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டால் அதற்குக் காது கிடையாது.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. நானும் சொல்லலை. அதுக்கப்புறம் அவரால என் மூஞ்சியைப் பாக்க முடியலை. நான் இருக்கிற ரூமுக்கு வரமாட்டார். அதான்ணா ஹாஸ்டல். பொய் சொன்னேன்னு இல்ல. பாத்துட்டேன்னு."

"நீ ஏன்டா சொல்லலை? அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா!"

"எப்படிச் சொல்றது? அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சொல்லிட்டா மறுபடி விளையாட மாட்டார்னு தோணிச்சு." முகுந்தன் மீசையைத் தடவிக்கொண்டான். "சொல்லாமயும் அவர் விளையாடலை. அதுதான் எனக்கு ஆத்தாமை. திருச்சில என்னை விட்டுட்டுக் கிளம்பறப்ப ஹாஸ்டல் வாசல்ல நின்னார். ஏதோ சொல்ல வந்தார். 'இப்ப வெடிக்கும்'னார். சிரிக்கப் பாத்தார், முடியலை. ரிக்‌ஷால ஏறிப் போயிட்டார். நான் அன்னிக்கே அவரை மன்னிச்சுட்டேண்ணா."

"அப்ப என் மேலதான் கோவமா?"

"உன் மேலதான். நீ பொய் சொல்லியிருந்தாக்கூட விட்டிருப்பேன். நீ நெஜமாவே நம்பினே. எத்தனை லீவுக்கு வந்து நான் இல்லைன்னு சொன்னேன்? அப்ப யாருடான்னு ஒரு தடவை கேட்டிருக்கியா?"

புருஷோத்தமன் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"உன்கிட்டச் சொல்லியிருப்பேன்." முகுந்தன் மூக்கை உறிஞ்சினான். "இப்பப் போய் நான் சொன்னா நம்பப் போறியா? அதான் மெஷினைச் சொல்லச் சொன்னேன். அது சொன்னப்புறமும் நீ எனக்காகப் பொய் சொல்றே. நல்ல குடும்பம்."

புருஷோத்தமன் எழுந்துபோய், சாவி போட்டு, ஷோகேஸைத் திறந்தார். பெட்டியிலிருந்து ஆல்பட்ராஸை எடுத்துத் தம்பியின் மடியில் வைத்தார்.

முகுந்தன் அதை உடனே தொடவில்லை. தொடுவது வாழ்நாளில் இதுதான் முதல்தடவை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெல்லத் தூக்கி, சோபாவின் கைப்பிடியில் வைத்து ஓட்டினான். பிறகு வேகமாக. பிறகு தலைக்கு மேலே தூக்கிக் கீழே குத்தென்று இறக்கினான்.

"டேய், மெதுவா! உடைச்சுடப் போறே!"

சொன்ன பிறகுதான் புருஷோத்தமனுக்குத் தன் காதில் அது விழுந்தது. குரல், அதட்டல், கடைசியில் அந்த இழுப்பு, எல்லாம் அப்பா. முகுந்தன் கையை நிறுத்தி அண்ணனைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. ஆல்பட்ராஸை நீட்டினான்.

"இந்தா. நீ ஓட்டு. நீயும்தான் விளையாடினதில்லையே."

புருஷோத்தமன் வாங்கினார். முட்டி மடங்க மறுத்தது, பிடித்துப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தார். தம்பியும் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தான். அவருக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கூச்சமாக இருந்தது. மொசைக்கில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

"சத்தம் போடுண்ணா. சத்தம் போடாம என்ன விளையாட்டு?"

"டுர்ர்," என்றார் எழுபது வயதுப் பெரியவர். பிறகு கொஞ்சம் பலமாக, "டுர்ர்ர்ர்!" ஆல்பட்ராஸ் டீப்பாயைச் சுற்றி வந்து, கம்பளத்தில் ஏறி, ஷோகேஸின் கால் மேல் நன்றாக மோதியது. மஞ்சள் சக்கரம் ஒன்று கழன்று, கணகணவென்று உருண்டுபோய், ஷோகேஸுக்கு அடியில் எங்கேயோ விழுந்தது.

இருவரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

"அங்க என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து கோமளா அதட்டினாள். "எதை உடைச்சீங்க? யாரு உடைச்சது?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே, ஒரே குரலில், பயத்தோடு சொன்னார்கள்:

"அப்பா!"